படிக்கு அஞ்சு காசு

குரும்பலூரில் மாவு மில் வைத்துப் பிழைக்க நினைப்பவனுக்கு முதலில் வேண்டியது மந்தமான காது. கருப்பண்ணனுக்கு அது ஓரளவு வாய்த்திருந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி போட்ட காலத்திலேயே இடது காது அடைத்துப்போனது. அவன் பெண்டாட்டி கொளஞ்சிக்குத்தான் இரண்டு காதும் கணீரென்று கேட்டன. ஊர் பேசுவது முழுவதையும் அவளே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஏண்டி கொளஞ்சி, அய்யம்பெருமாளு மில்லுல படிக்கு இருவது காசு. நீ மட்டும் இருவத்தஞ்சு கேக்குற. ஓம் மிஷினுல என்ன தங்கமா கொட்டுது?"

கேட்டவள் கீழத்தெரு சிந்தாமணி. புருஷன் செத்த பிறகு ஒரு துண்டு மானாவாரிக் காட்டை ஒண்டியாக உழுது விதைத்து, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவளிடமிருந்து ஒரு காசு கூடுதலாக வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. மழை பொய்த்த எண்பத்திரண்டாம் வருஷம் வேறு. எல்லோர் கையும் இறுகித்தான் கிடந்தது.

"எத்தன வாட்டி சொல்றதுக்கா? அங்க மொளவா அரைச்ச கல்லுலயே கேவுரையும் கொட்டி ஓட்டிப்புடுறாங்க. நாங்க ஒவ்வொரு வாட்டியும் மோட்டார நிறுத்தி, கல்லத் தொறந்து தொடச்சி, எங்க வூட்டு நொய்யப் போட்டு ஓட்டிட்டுத்தான் அடுத்த ஆளுக்கு அரைக்கிறோம். அதுக்குத்தான் அந்த அஞ்சு காசு."

"யாரு பாத்தா?"

"என்னது?"

"தொடைக்கிறத யாரு பாத்தான்னு கேக்குறேன். கதவத்தான் சாத்திப்புடுறாரே ஓம் புருசன்."

இதுதான் கொளஞ்சியை எரிய வைக்கிற இடம். மில் என்று சொன்னாலும் அது ஓடு போட்ட ஒற்றை அறைதான். உள்ளே மிஷின், வெளியே கீற்றுப் பந்தல், பந்தலுக்குள் சனம். யாராவது மிளகாய் அரைத்து முடித்தால் கருப்பண்ணன் எல்லோரையும் பந்தலுக்குத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான். துண்டை மூக்கோடு கட்டிக்கொண்டு, மாவு இறங்குகிற துணிக்குழாயைக் கழற்றி உதறுவான். இரண்டு கல்லையும் பிரித்துத் தென்னங்குச்சியால் இடுக்கு இடுக்காகக் கிளறுவான். பிறகு நொய்யைப் போட்டு ஒரு ஓட்டு ஓட்டி, வருகிற சிவந்த மாவைத் தனியே தட்டுவான். கதவைத் திறந்தால் அந்தக் காந்தல் பந்தலுக்கு வந்து கைக்குழந்தைக்காரிகள் துடித்துப்போவார்கள். அவர்களுக்காகத்தான் கதவு.

ஊர் அந்தக் கதவை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. உள்ளே போனவன் ஒவ்வொருத்தர் மாவிலும் ஒரு கை அள்ளி வைத்துக்கொள்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். கண் சிவந்து வெளியே வருவதைப் பார்த்து, காலையிலேயே சாராயம் போட்டிருக்கிறான் என்று சொன்ன புண்ணியவானும் உண்டு.

இதையெல்லாம்கூடக் கொளஞ்சி பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது இன்னொன்று. கல்யாண வீட்டு மூட்டை, வருஷத்துக்கு அரைத்து வைக்கிற மிளகாய், மல்லி எல்லாம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த அய்யம்பெருமாள் மில்லுக்குப் போகும். பால் மறக்கிற பிள்ளைக்குக் கூழ் காய்ச்ச அரைப்படி கேழ்வரகு அரைக்கணும் என்றால் மட்டும் நேராக இங்கே வருவார்கள். அதே மருமகள், அதே மாமியார். ஆக, எங்கே சுத்தம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் "யாரு பாத்தா" என்று கேட்கிறார்கள். தெரியாதவனுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். தெரிந்தே கேட்கிறவளை என்ன செய்வது?

பத்து மணிக்குக் கரண்டு போனது. அந்த வருஷம் அப்படித்தான், காலையில் கொஞ்ச நேரம் வரும், போனால் சாயங்காலம்தான். பந்தல் காலியானதும் கொளஞ்சி கம்பங்கூழைக் கரைத்துச் சின்ன வெங்காயத்தை நறுக்கிப்போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கருப்பண்ணன் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். எவ்வளவு கழுவினாலும் கண் எரிச்சல் அடங்கவில்லை.

"நீ ஒரு வார்த்த பேச மாட்டியாய்யா? நான் ஒருத்தியே நாய் மாதிரிக் கத்திக்கிட்டுக் கெடக்கணுமா?"

"என்னத்தப் பேசச் சொல்ற?"

"இன்னின்ன மாதிரி செய்யிறேன், அதனாலதான் கூடுதலுன்னு நீ சொன்னா என்ன?"

"செய்யிற வேலயச் செய்யிறேன். அத வேற தம்பட்டம் அடிக்கணுமாக்கும்."

"அடிக்காட்டி எவன் குடுப்பான்? போன மாசம் மோட்டாரு தவண கட்டல. இந்த மாசமும் கட்டலன்னா கழட்டிக்கிட்டுப் போயிருவான்."

அவன் கூழைக் குடித்தான். குடித்துவிட்டுச் சொன்னான், "குவாரி மேஸ்திரி பழனிவேலப் பாத்தேன்."

கொளஞ்சி கையில் இருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

"திங்கக்கெழம லாரி வருதாம். ஆளு பத்தலயாம். வாரம் அங்கயே தங்கிட்டு சனிக்கெழம வந்துரலாம்னாரு. கொஞ்ச நாளைக்குத்தான். மில்ல நீ பாத்துக்க."

"ஓம் நெஞ்சுல கெடக்குற சுண்ணாம்பு பத்தலியா?"

குவாரியில் இருந்து அவன் திரும்பி வந்த கோலத்தை அவள் மறக்கவில்லை. இருமினால் வெள்ளையாக வந்தது. பெரம்பலூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி கல்லுத்தூசிப் பக்கம் போனால் நான் பொறுப்பில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மாவும் தூசிதானே என்று இவள் கேட்டதற்கு, மூக்கில் துணி கட்டிக்கொண்டால் மாவு பரவாயில்லை, அந்தத் தூசி உள்ளே போனால் வெளியே வராது என்றார். அன்றைக்கே காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்து, மிச்சத்துக்குக் கடன் வாங்கி இந்த மிஷினைப் போட்டாள். அவனை மறுபடி அந்த லாரியில் ஏற்றவா இவ்வளவும் செய்தாள்?

"நீ போவ மாட்ட," என்றாள்.

"அப்ப தவணைய யாரு கட்டுறது? சிந்தாமணியா?"

கோபத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

மறுநாள் காலை, சிந்தாமணி கோதுமையோடு வந்தாள். அவளுக்கு முன்னால் வேம்பு என்கிறவள் மிளகாய் அரைத்துக்கொண்டு போயிருந்தாள். கருப்பண்ணன் கதவைச் சாத்திச் சுத்தம் செய்துவிட்டு வந்ததும், கொளஞ்சி உள்ளே போய், கல்லில் இருந்து கிளறி எடுத்ததை எல்லாம் முறத்தில் கூட்டிக்கொண்டு வந்து சிந்தாமணி முகத்துக்கு நேரே நீட்டினாள். இரண்டு கைப்பிடி இருக்கும். சிவப்பும் வெள்ளையுமாக, நெடி ஆளைத் தூக்கியது.

"இந்தா, நல்லாப் பாருக்கா. யாரு பாத்தா யாரு பாத்தான்னு கேட்டியே. இது அம்புட்டும் ஓங் கோதும மாவுல வந்து சேர வேண்டியது. சப்பாத்தி சுட்டுத் தின்னுருந்தீன்னா தெரிஞ்சிருக்கும். இதத் தொடச்சதுக்குத்தான் அஞ்சு காசு. இப்பப் பாத்துட்டியா?"

சிந்தாமணி குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அடியாத்தீ! அப்ப தெனைக்கும் இம்புட்டு மொளவாத்தூளு ஓங்களுக்கு நிக்கிதா?"

கொளஞ்சிக்கு ஒரு நிமிஷம் என்ன கேட்டாள் என்றே புரியவில்லை.

"வேம்பு அரைச்சதுல இம்புட்டு. நான் போன வாரம் அரைச்சதுல எம்புட்டோ. ஊரு மொளவா பூரா ஓங்க மொறத்துல வந்து விழுவுது, அதுக்கு மேல அஞ்சு காசு கூலி வேறயா? நல்லா இருக்குடி ஞாயம்!"

"இது குப்பக்கா! நொய்யும் அழுக்கும் கலந்தது. தெருவுல கொட்டுறோம்!"

"தெருவுல கொட்டுனத யாரு பாத்தா?"

பந்தலில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, போன தையில் தன் வீட்டுத் தூள் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் இருந்தது என்று மெதுவாக ஆரம்பித்தாள். சுத்தத்தை நிரூபிக்கப் போய்த் திருட்டை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. முறத்தை எங்கே வைப்பது என்றுகூடக் கொளஞ்சிக்குத் தெரியவில்லை. கடைசியில் அதில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். கருப்பண்ணன் சிந்தாமணியின் கோதுமையை அரைத்துக் கொடுத்தான். அவள் இருபது காசுக் கணக்கில்தான் கொடுத்தாள். அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

அந்த வாரத்தில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மில்லுக்காரன் வீட்டில் மிளகாய் வாங்குவதே இல்லையாம் என்று தெருவில் பேச்சு. இந்த மனுஷர்களுக்கு ஒன்றைச் சொல்லி விளங்க வைப்பதற்குள் உயிர் போய்விடும், விளங்கிய பிறகு அதையே நம் கழுத்துக்குத் திருப்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கருப்பண்ணன் பழைய டிரங்குப் பெட்டியில் இருந்து காக்கிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டான். கொளஞ்சி அதைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்து, அழுது முடித்து, அவன் குலத்தையே இழுத்து ஏசி முடித்திருந்தாள். தவணைக்காரனுக்கு அழுகை தெரியாது.

திங்கட்கிழமை காலை கரண்டு வருவதற்கு முன்னாலேயே அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மில் கதவுக்குப் போனாள். கீழே கொடுத்து நெம்பி, கதவைக் கீலில் இருந்து கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள்.

"என்னடி பண்ற?" என்றான் கருப்பண்ணன்.

"நீதான் போறியே. இனிமே கதவச் சாத்திக்கிட்டுத் தொடைக்க இங்க யாரு இருக்கா? என்னால காச வாங்கி, படி அளந்து, மோட்டாரும் போட்டுக்கிட்டு அதையும் செய்ய முடியாது. தொறந்தே கெடக்கட்டும்."

பந்தலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இன்னையிலேருந்து இங்கயும் இருவது காசுதான். அய்யம்பெருமாளு மில்லு வெலதான். கல்லுத் தொடைக்கிற வேல எங்களுது இல்ல. தொடச்சி வேணுங்கிறவங்க தொடப்பம் அந்தா கெடக்கு, நீங்களே தொடச்சிக்கங்க. கூட்டுறதையும் நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு ஒரு சிட்டிக வேணாம்."

"இது ஞாயம்," என்று முதலில் சொன்னவள் சிந்தாமணிதான். அவள் அன்றைக்கு ஊறவைத்து உலர்த்திய அரிசியும் கொஞ்சம் மிளகாயும் கொண்டுவந்திருந்தாள். பேரன் வந்திருக்கிறான், புட்டு அவிக்கணும். அவளுக்கு முன்னால் அரைத்தது மிளகாய்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கொளஞ்சி மோட்டாரை நிறுத்தி, எந்தத் திருகைத் திருப்பணும் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். துணிக்குழாயைக் கழற்றி ஒரு உதறு உதறியதுதான் தெரியும், அடுத்த நொடி சிந்தாமணியைக் காணோம். சிவந்த புகைக்குள்ளே இருந்து தும்மல் மட்டும் வந்தது. ஒன்று, இரண்டு என்று நின்றால் பரவாயில்லை, விடாமல் வந்தது. கதவு இல்லாததால் புகை நேராகப் பந்தலுக்கு வந்தது. கூட்டம் முழுக்க முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியது.

"அய்யய்யோ, கண்ணு போச்சே! தண்ணி கொண்டாடி!"

"தண்ணி ஊத்துனா கல்லுல ஒட்டிக்கும்க்கா. முதல்ல தொடச்சிட்டு வா."

சிந்தாமணியும் லேசுப்பட்டவள் இல்லை. ஐந்து காசு மிச்சம் என்று இறங்கியவள் பாதியில் விடுவாளா? ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் கல்லைக் கிளறினாள். இடுக்கில் சிக்கியது வரவில்லை. உட்கார்ந்தாள், மண்டியிட்டாள், விரலை விட்டு நோண்டி நகத்தைப் பெயர்த்துக்கொண்டாள். நொய்யும் தன் வீட்டுடையதைத்தான் போட வேண்டும் என்றதும், பேரன் புட்டுக்கு வைத்திருந்த அரிசியிலேயே ஒரு பிடியை வாய்க்குள் முனகியபடி போட்டாள். அது சிவப்பாக வந்தது. இன்னொரு பிடி போட்டாள். அப்போதும் லேசாகச் சிவப்பு. மூன்றாவது பிடியைப் பாதியாகக் குறைத்துப் போட்டாள். ஒருவழியாக அரிசி மாவு அரைபட்டு, கூடவே கொண்டுவந்திருந்த மிளகாயும் அரைபட்டு அவள் வெளியே வந்தபோது, முகமெல்லாம் அப்பிக்கொண்டு, கண்ணில் இருந்து நீர் வடிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. பந்தல் காலில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து நின்றவள் மலர்கொடி. மேலத்தெருவுக்கு வாழ வந்த பெண். இடுப்பில் பிள்ளை, தூக்கில் அரைப்படி கேழ்வரகு. கல்லில் இருப்பதோ இப்போது சிந்தாமணியின் மிளகாய். மலர்கொடி உள்ளே எட்டிப் பார்த்தாள், பிள்ளை உடனே தும்மியது.

"பெரியம்மா, எனக்கும் கொஞ்சம் தொடச்சித் தரீங்களா? புள்ளய வச்சிக்கிட்டு எப்புடி உள்ள போறது?"

"போடி அங்கிட்டு. எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள் சிந்தாமணி, கண்ணைத் திறக்காமல்.

"கொளஞ்சியக்கா, நீங்க?"

கொளஞ்சிக்கு இளகத்தான் செய்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. "எங்களுக்கு அஞ்சு காசு குடுக்க ஒருத்தருக்கும் மனசு வரலியே. அய்யம்பெருமாளு மில்லுக்குப் போ."

"அங்க அரைச்சா புள்ளைக்கு ஆவாதுக்கா," என்றாள் மலர்கொடி. சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று விழித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. கருப்பண்ணன் காக்கிச் சட்டையைப் போட்டு, துணி மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்து வந்தான். லாரிக்குப் போக மில்லைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டியும் விட்டான்.

"அண்ணே," என்றாள் மலர்கொடி. "புள்ளைக்கு மாவுண்ணே. கஞ்சித்தண்ணிதான் குடுத்து வச்சிருக்கேன்."

அவன் நின்றான். பிள்ளையைப் பார்த்தான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். பழக்கத்தில் கதவைச் சாத்தக் கை நீண்டது, கதவு இல்லை.

முதல் முறையாக ஊர் அதைப் பார்த்தது. குழாயை உதறுகிறான், கல்லைப் பிரிக்கிறான், குச்சியை விட்டு அங்குலம் அங்குலமாகக் கிளறுகிறான், இருமுகிறான், மறுபடி கிளறுகிறான். சிந்தாமணி பட்ட பாட்டையே அவனும் படுகிறான், கூச்சல் மட்டும் இல்லை. தன் வீட்டு நொய்யை அள்ளிப் போட்டான், மோட்டாரை ஓட்டினான், வந்ததை ஒதுக்கினான், மறுபடி நொய் போட்டான். வெள்ளையாக விழுகிற வரை விடவில்லை. இருமல் மட்டும் நிற்கவே இல்லை.

பழனிவேல் மேஸ்திரி லாரியில் இருந்து இறங்கியே வந்துவிட்டார். "என்னாய்யா கருப்பண்ணா, எம்புட்டு நேரம் ஹாரன் அடிக்கிறது? ஏறு, வெயிலுக்கு முன்ன போய்ச் சேரணும்."

கருப்பண்ணனுக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. கொளஞ்சி வாயைத் திறந்தாள். அதற்குள் பந்தல் காலடியில் இருந்து சிந்தாமணி எழுந்துவிட்டாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

"அவரு வர மாட்டாருய்யா."

"நீ யாரும்மா அதச் சொல்றதுக்கு?"

"அவரு போயிட்டா இந்தக் கல்ல யாரு தொடைக்கிறது? நீ தொடைப்பியா? உள்ள போயி ஒரு நிமிசம் நின்னு பாரு, அப்பறம் பேசு. மனுசன் தெனைக்கும் இதுக்குள்ள கெடந்து சாவுறாரு, இவரு ஹாரன் அடிக்கிறாராம்ல! எம் பேரனுக்கு நாளைக்கும் புட்டுக்கு மாவு வேணும்யா. போ, வேற ஆளப் பாரு."

"நீங்க மூடுங்க பெரியம்மா. என்னய்யா சொல்ற நீ?"

கருப்பண்ணன் கொளஞ்சியைப் பார்த்தான். அவள் கீழே கிடந்த துணி மூட்டையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். யார் வந்து பிடுங்கினாலும் கொடுக்க மாட்டேன் என்கிற மாதிரி நின்றாள். பந்தலில் இருந்தவர்களைப் பார்த்து, "இருவத்தஞ்சு காசு," என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். மலர்கொடி காசை எடுத்து முதலில் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"அடுத்த வாரம் பாக்கலாங்க மேஸ்திரி," என்றான் கருப்பண்ணன். அடுத்த வாரமும் அவன் போகப்போவதில்லை என்பது மேஸ்திரிக்கே தெரிந்தது. அவர் திட்டிக்கொண்டே போய் ஏறினார், லாரி கிளம்பியது. மலர்கொடியின் கேழ்வரகு கல்லில் விழுந்தது.

கொளஞ்சிக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த வார்த்தையை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் இவளுக்கு? கதவைப் பெயர்க்க வைத்து, தன் கண்ணையும் கெடுத்துக்கொண்டு, லாரியைத் தெருவுக்கு வரவழைத்த பிறகுதான் வருமா? சிந்தாமணியை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று திரும்பினாள்.

சிந்தாமணி முந்திக்கொண்டு கையை நீட்டினாள்.

"என்னக்கா?"

"இன்னைக்கு எனக்கு நாந்தானடி தொடச்சேன்? வேல செஞ்சதுக்குக் கூலி குடு."

கொளஞ்சி அவளை முறைத்தாள். பிறகு டப்பாவில் கைவிட்டு ஒரு அஞ்சு காசை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

சிந்தாமணி நீர் வழிகிற கண்ணை இடுக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள். திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தாள்.

"ஏண்டி," என்றாள், "இம்புட்டு வேலைக்கு இதுதானா?"